ரோமப் பேரரசு நாணயங்களைப் படித்தறிந்து சேகரிப்பது எப்படி

ரோமப் பேரரசர்களின் நாணயங்களைச் சேகரிக்க விரும்புகிறவர்கள், அவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை என்பதாலேயே கிடைப்பதற்கு அரியவையாகவும் எட்டாத விலையிலும் இருக்கும் என்று எண்ணித் தயங்குவதுண்டு. நிலைமை அப்படியில்லை. இன்றுள்ளவை போன்ற வங்கிகள் இல்லாத அந்தக் காலத்தில், போர் நெருங்கும்போதும் ஆட்சி மாறும்போதும் மக்கள் தங்கள் காசுகளைப் பானைகளில் இட்டு மண்ணில் புதைத்தார்கள்; புதைத்தவர்கள் திரும்பி வராததால் அந்தப் பானைகள் அப்படியே நமக்கு வந்து சேர்ந்தன. பல்கேரியாவின் ரேகா தேவ்னியா என்ற ஊரில் 1929ஆம் ஆண்டு வெளிப்பட்ட புதையலில் 80,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் இருந்தன. இங்கிலாந்தின் ஃப்ரோம் நகருக்கு அருகே 2010ஆம் ஆண்டு ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. ஆகவே வயது மட்டும் ஒரு ரோமானியக் காசுக்கு விலையைத் தந்துவிடுவதில்லை. அதில் யாருடைய உருவம் இருக்கிறது, என்ன எழுதப்பட்டிருக்கிறது, அது எவ்வளவு தெளிவாக நிற்கிறது, எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பவையே அதன் மதிப்பை முடிவு செய்கின்றன. இவை அனைத்தும் காசைப் படித்து அறியக்கூடியவை என்பதால், இத்துறைக்கு வருகிறவர் வாங்கப் பழகுவதற்கு முன் வாசிக்கப் பழக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இந்த ஈர்ப்பு புதிதன்று. அகஸ்டஸ் பேரரசரே திருவிழா நாள்களில் பழைய மன்னர்களின் காசுகளையும் அயல்நாட்டுக் காசுகளையும் நண்பர்களுக்குப் பரிசளித்தார் என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1354ஆம் ஆண்டு மாந்துவா நகரில் நான்காம் சார்லஸ் மன்னரைச் சந்தித்தபோது, பண்டைய பேரரசர்களின் உருவம் பொறித்த பொன், வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, இவர்களைப் போல வாழ வேண்டும் என்று அவருக்கு எடுத்துரைத்தார். நூல்களில் பெயராக மட்டும் இருந்த ஒருவருக்கு முகம் கிடைக்கிறது என்பதே அன்றைய அறிஞர்களை இழுத்த முதற்காரணம். வெஸ்பாசியனின் தடித்த கழுத்தையும், ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போகும் நீரோவின் கன்னங்களையும், ஹாட்ரியன் வளர்த்த தாடியையும் காசுகளில் பார்த்தவர்கள் சிற்பங்களுக்கு அடையாளம் காட்டவும் காசுகளையே நம்பினார்கள். பெயர் அழிந்த பல மார்பளவுச் சிலைகள் இன்னார் என்று அறியப்பட்டது அவ்வாறுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் அரச நாணயத் தொகுப்பைப் பொறுப்பேற்று நடத்திய யோசஃப் எக்கெல், 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வின் வழியாக இந்த ஆர்வத்தை முறையான நாணயவியலாக மாற்றினார்.

காசின் வகையை அறிதல்

கையில் ஒரு காசு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை உலோகம், எடை, விட்டம் ஆகிய மூன்று. அகஸ்டஸ் நிலைநிறுத்திய முறையில் ஆரியஸ் என்ற பொற்காசு 25 டெனாரியஸ் வெள்ளிக்காசுகளுக்குச் சமம். ஒரு டெனாரியஸ் நான்கு செஸ்டெர்ஷியஸுக்கும் பதினாறு ஆஸுக்கும் சமம். செஸ்டெர்ஷியஸ் பித்தளையால் ஆனது, ஏறத்தாழ 25 கிராம் எடை கொண்டது. அதன் அகன்ற பரப்பில் அச்சுச் செதுக்குநர்களுக்கு நிறைய இடம் கிடைத்ததால், ரோமானியக் காசுகளில் மிகச் சிறந்த சித்திரங்கள் இதில்தான் இருக்கின்றன. ஆஸ் செம்பால் ஆனது. பித்தளையால் ஆன டுபோண்டியஸ் ஆஸைப் போன்ற அளவுடையது. களிம்பு படிந்த நிலையில் இரண்டையும் உலோகத்தைக் கொண்டு பிரித்தறிவது கடினம். நீரோவின் காலத்துக்குப் பிறகு டுபோண்டியஸில் பேரரசர் பெரும்பாலும் கதிர் முடி (சூரியக் கதிர்களைப் போன்ற கூர்முனைகள் கொண்ட கிரீடம்) அணிந்திருப்பார், ஆஸில் வாகைமாலை அணிந்திருப்பார் என்பது அங்கே கைகொடுக்கும்.

வெள்ளியின் கதை பேரரசின் நிதி நெருக்கடியின் கதையாகவும் இருக்கிறது. அகஸ்டஸ் காலத்து டெனாரியஸ் ஏறத்தாழத் தூய வெள்ளி. நீரோ 64ஆம் ஆண்டளவில் அதன் எடையைக் குறைத்து, ஒரு ரோமானியப் பவுண்டு எடை வெள்ளியில் 84க்குப் பதிலாக 96 காசுகள் அடிக்கச் செய்தார். செப்டிமியஸ் செவரஸின் காலத்தில் வெள்ளி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அவருடைய மகன் கராகல்லா 215ஆம் ஆண்டு, நாம் இன்று அன்டோனினியானஸ் என்று அழைக்கும் கதிர் முடிக் காசை வெளியிட்டார். இரண்டு டெனாரியஸ் மதிப்பில் புழங்கியதாகக் கருதப்படும் அந்தக் காசில் ஒன்றரை டெனாரியஸ் அளவு வெள்ளிதான் இருந்தது. 270ஆம் ஆண்டை நெருங்கும்போது அதே காசு நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளியில்லாத செம்புக்காசாகிவிட்டது. இந்தச் சரிவை நான்கைந்து காசுகளை வரிசையாக வைத்தே கண்ணால் காட்டிவிடலாம்; குறைந்த செலவில் அமைக்கக்கூடிய, பொருள் நிறைந்த தொகுப்புகளில் இதுவும் ஒன்று என்பேன். பின்னர் டயோக்ளீஷியன் 294ஆம் ஆண்டளவில் பெரிய செம்புக்காசுகளை அறிமுகப்படுத்தினார். கான்ஸ்டன்டைன் 309ஆம் ஆண்டளவில் பவுண்டுக்கு 72 வீதம் அடித்த சாலிடஸ் என்ற பொற்காசு பல நூற்றாண்டுகள் தரம் குறையாமல் நின்றது.

பொறிப்பை வாசித்தல்

லத்தீன் மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம். பேரரசர்களின் பட்டங்கள் ஒரு சிறிய வட்டத்துக்குள் அடங்குபவை. அவற்றின் சுருக்கங்களைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான காசுகளை வாசித்துவிடலாம். டிராஜனின் ஒரு டெனாரியஸை எடுத்துக்கொள்வோம். தலைப்பக்கத்தில் வாகைமாலை சூடிய முகம் வலப்புறம் நோக்கியிருக்கிறது. தோளில் ஆடையின் மடிப்பு சிறிது தெரிகிறது. கீழே இடப்புறத்திலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் படித்துக்கொண்டு போனால் ‘இம்ப் டிரயானோ அவுக் கெர் டாக் பி எம் டிஆர் பி காஸ் ஐந்து பி பி’ என்று வருகிறது. ‘இம்ப்’ படைத்தலைமையைக் குறிக்கும் பட்டம். ‘அவுக்’ என்பது அகஸ்டஸ் என்ற பட்டம். ‘கெர்’, ‘டாக்’ என்பவை ஜெர்மானியரையும் டாசியரையும் வென்றவர் என்பதைச் சொல்கின்றன. ‘பி எம்’ தலைமைக் குருவையும், ‘டிஆர் பி’ மக்கள் காப்பாளருக்குரிய அதிகாரத்தையும், ‘காஸ்’ ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவியையும், ‘பி பி’ நாட்டின் தந்தை என்ற சிறப்பையும் குறிக்கின்றன. பின்பக்கத்தில் ‘எஸ் பி க்யூ ஆர் ஆப்டிமோ பிரின்சிபி’ என்று இருக்கிறது. ரோமின் செனட்டும் மக்களும் மிகச் சிறந்த தலைவருக்கு அளிப்பது என்று பொருள். டிராஜன் ஐந்தாம் முறை கான்சல் ஆனது 103ஆம் ஆண்டு. ஆறாம் முறை ஆனது 112ஆம் ஆண்டு. எனவே இந்தக் காசு 103க்கும் 111க்கும் இடையில் அடிக்கப்பட்டது என்பதை, எந்த நூலையும் திறக்காமல் காசே சொல்லிவிடுகிறது. மக்கள் காப்பாளர் அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால், அதன் எண் பொறிக்கப்பட்டிருக்கும் காசுகளை ஒரே ஆண்டுக்குள்ளேயே நிறுத்திவிடலாம்.

பின்பக்கம் பேரரசின் அறிவிப்புப் பலகையாகவே பயன்பட்டது. வெஸ்பாசியன் 71ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட காசுகளில் ஒரு பேரீச்சை மரத்தடியில், போரில் வீழ்ந்த யூதேயா ஒரு பெண்ணாக அமர்ந்து அழுகிறாள். ஹாட்ரியன் தாம் பயணம் செய்த மாகாணங்களை ஒவ்வொன்றாகப் பெண்ணுருவில் காட்டினார். அன்டோனினஸ் பயஸ் 154–155இல் அடித்த ஆஸ் காசுகளில் பிரிட்டானியா தலை கவிழ்ந்து பாறைமேல் அமர்ந்திருக்கிறாள். இந்தக் காசுகள் பெரும்பாலும் பிரிட்டனிலேயே கிடைப்பதால், அந்த மாகாணத்துக்கென்றே அனுப்பப்பட்டவை என்று கருதப்படுகிறது. தராசும் வளக்கொம்பும் ஏந்தி நிற்கும் பெண் நீதியின் உருவமாகவும் இருக்கலாம், நாணயச்சாலையின் தெய்வமாகிய மொனேட்டாவாகவும் இருக்கலாம். உருவம் ஒன்றே என்பதால் எழுத்தைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். இத்தகைய நற்பண்பு உருவங்களைச் சலிப்பூட்டுபவை என்று ஒதுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்நாட்டுப் போர் மூண்ட 69ஆம் ஆண்டில், விட்டெல்லியஸின் காசு இரு கரங்கள் பற்றிக்கொண்டிருப்பதைக் காட்டிப் படைகளின் விசுவாசத்தைப் பறைசாற்றுகிறது. படை விசுவாசமாக இருந்திருந்தால் அப்படி ஒரு காசுக்குத் தேவையே இருந்திருக்காது. பேரரசு எதைக் குறித்து அஞ்சியது என்பதை இந்த அமைதியான உருவங்களே மிகத் தெளிவாகச் சொல்கின்றன.

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பின்பக்கத்தின் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே, நாணயச்சாலையின் அடையாளம் இடம்பெறுகிறது. ‘பி டிஆர்’ என்றால் டிரியரின் முதல் பட்டறை. ‘எஸ்எம் ஏஎன்டி’ என்றால் அந்தியோக்கியாவின் அரச நாணயச்சாலை. ‘பி எல்என்’ என்றால் லண்டன். அகஸ்டஸ் என்ற பட்டத்தின் சுருக்கத்தில் கடைசி எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இருமுறை வந்தால் இரு பேரரசர்கள், மும்முறை வந்தால் மூவர். பிரிட்டனைக் கைப்பற்றித் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட கரௌசியஸ், டயோக்ளீஷியனும் மாக்சிமியனும் தன்னை ஒருபோதும் ஏற்காத நிலையிலும், மூன்று பேரரசர்களின் அமைதி என்று காசு அடித்தார். ‘கரௌசியஸும் அவர் சகோதரர்களும்’ என்ற பொறிப்புடன் மூவர் முகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் காசும் அவருடையதே. ஓர் எழுத்தைக் கூடுதலாகப் பொறிப்பதன் மூலம் ஒருவர் அரசுரிமை கோரியதை வேறு எந்தச் சான்றில் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியும்?

எதைச் சேர்ப்பது

கண்ணில் படுவதையெல்லாம் வாங்குகிறவரிடம் சில ஆண்டுகளில் ஒரு குவியல் சேரும், தொகுப்பு சேராது. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரையிலான பன்னிருவரின் காசுகளையும் சேர்ப்பது பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். அதில் டைபீரியஸின் டெனாரியஸும், வெஸ்டா தெய்வம் பொறித்த கலிகுலாவின் ஆஸும், கிளாடியஸின் செம்புக்காசுகளும் எளிதில் கிடைக்கும். தடங்கல் ஓதோவிடம் வரும். அவர் 69ஆம் ஆண்டில் மூன்று மாதங்களே ஆண்டார். ரோம் நாணயச்சாலை அவர் பெயரில் செம்பு, பித்தளைக் காசுகளை அடிக்கவில்லை. எனவே ஓதோவின் செஸ்டெர்ஷியஸ் என்று எவரேனும் நீட்டினால் அதைப் போலி என்றே கொள்ள வேண்டும். பன்னிருவரை நிறைவு செய்யத் துடித்த சேகரிப்பாளர்களுக்காகவே அத்தகைய காசுகள் மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து உருவாக்கப்பட்டுவந்தன.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைவிட எளியது. கான்ஸ்டன்டைன் 330ஆம் ஆண்டு புதிய தலைநகரைத் தொடங்கிவைத்ததை ஒட்டி, தலைக்கவசம் அணிந்த ரோமாபுரி தெய்வத்தின் முகத்தை ஒருபுறமும், ரோமுலஸுக்கும் ரீமஸுக்கும் பால் கொடுக்கும் ஓநாயை மறுபுறமும் கொண்ட சிறிய செம்புக்காசுகள் பெருமளவில் அடிக்கப்பட்டன. டிரியர், ஆர்ல், சிஸ்கியா, தெசலோனிக்கா, சிசிக்கஸ், அந்தியோக்கியா என்று பேரரசின் குறுக்கே பல நாணயச்சாலைகள் இதே சித்திரத்தை வெளியிட்டன. ஊருக்கு ஒன்றாக இவற்றைத் தேடிச் சேர்த்தால், ஓநாயின் கழுத்து மயிரும் மேலேயுள்ள இரு விண்மீன்களும் ஒவ்வொரு பட்டறையிலும் எப்படி மாறுகின்றன என்று காண்பதிலேயே கண் பழகிவிடும். அப்படிப் பழகிய கண்தான் பின்னாளில் விலை கூடிய காசை வாங்கும்போது காப்பாற்றும்.

இனங்காண்பதற்கு, 1923ஆம் ஆண்டு ஹரால்ட் மாட்டிங்லியும் எட்வர்ட் சிடன்ஹாமும் தொடங்கி, பின்னர் பலரால் பத்துத் தொகுதிகளாக வளர்க்கப்பட்ட ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ பட்டியலே அடிப்படை. அதன் வகைகளை அமெரிக்க நாணயவியல் கழகம் ‘ஓக்ரே’ என்ற பெயரில் இணையத்தில் கட்டணமின்றித் தேடும்படி அமைத்திருக்கிறது. படிக்க முடிந்த சில எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடினாலும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மெய்யும் போலியும்

ரோமானியக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. பட்டடையில் பதித்த அடியச்சின்மேல் உலோகத் தகட்டை வைத்து, அதன்மேல் மேலச்சைப் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள். அடியின் வேகத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்த நுண்கோடுகளும், விளிம்பில் ஏற்பட்ட சிறு வெடிப்புகளும் நல்ல காசில் பூதக்கண்ணாடியில் தெரியும். உருக்கி வார்த்த போலியில் அவை மழுங்கிப்போய், பதிலாகக் காற்றுக் குமிழிகளின் நுண்குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி அச்சு வார்ப்பின் இணைப்புக் கோடோ அதை அரத்தால் அராவிய தடமோ காணப்படும். கையால் அடித்த எந்த இரண்டு காசுகளும் முழுக்க ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே ஒரே வெடிப்பும் ஒரே கீறலும் ஒரே மைய விலகலும் கொண்ட இரண்டு காசுகளைக் கண்டால், அவற்றில் குறைந்தது ஒன்றேனும் வார்ப்பு என்பதில் ஐயமில்லை. எடையும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. செம்புக் கருவின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய பழங்காலப் போலிகள் எடை குறைவாக இருந்தாலும் அவையும் அந்தக் காலத்தவையே, அவற்றைச் சேகரிப்பவர்களும் உண்டு.

புதிய அச்சுகளைச் செதுக்கி அடித்த போலிகளே மிகவும் ஆபத்தானவை. 16ஆம் நூற்றாண்டில் பதுவா நகரின் ஜொவான்னி தா கவினோ செஸ்டெர்ஷியஸ்களைப் போலச் செய்த வேலைப்பாடுகள் இன்று அவற்றின் கலைநயத்துக்காகவே விரும்பப்படுகின்றன. எழுத்துகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பது அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் தாம் அடித்த காசுகளை இரும்புத் தூளும் கொழுப்பும் இட்ட பெட்டியில் போட்டு, வண்டியின் அடியில் கட்டி ஓட்டிப் பழமையூட்டினார் என்று சொல்லப்படுகிறது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு நிகழ்வு உண்டு. 1713ஆம் ஆண்டு திரான்சில்வேனியாவில் வெளிப்பட்டதாகக் கூறப்படும், ஸ்பான்சியன் என்ற பெயர் பொறித்த பொற்காசுகள் நெடுங்காலம் போலி என்றே ஒதுக்கப்பட்டன. கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் உள்ள காசை நுண்ணோக்கியில் ஆராய்ந்த குழுவினர், புழக்கத் தேய்மானமும் மண்படிவும் இருப்பதால் அது பழங்காலத்ததே என்று 2022ஆம் ஆண்டு வாதிட்டனர். நாணயவியலாளர் பலர் அதை ஏற்கவில்லை.

மெய்யான காசிலும் ஒரு வகை ஏமாற்று உண்டு. தேய்ந்துபோன செஸ்டெர்ஷியஸின் தலைமுடியையும் எழுத்தையும் உளியால் மீண்டும் செதுக்கி, பின்புலத்தை வழித்து, செயற்கைக் களிம்பு பூசி விற்பார்கள். முகம் தேய்ந்திருக்க முடி மட்டும் கூர்மையாக இருந்தால் அதை வாங்க வேண்டாம்.

உரிமை வரலாறு

காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தயக்கமின்றிக் கேளுங்கள். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே மண்ணைவிட்டு வெளியே வந்திருந்ததற்குச் சான்றுள்ள காசுகளை வாங்குவதே பாதுகாப்பானது. சான்றின் உண்மையும் ஆராயப்பட வேண்டும். சீசரின் கொலையைப் போற்றி புரூட்டஸ் கி.மு. 42இல் வெளியிட்ட பொற்காசு ஒன்று 2020ஆம் ஆண்டு ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கும் அதிக விலைக்குப் போனது. அதன் உரிமை வரலாறு பொய்யாகப் புனையப்பட்டது என்று பின்னர் தெரியவந்து, 2023இல் அது கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. களவாகத் தோண்டப்பட்ட காசால் இழப்பது பணம் மட்டுமன்று. ஃப்ரோம் பானையைக் கண்டறிந்தவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அறிஞர்களை அழைத்ததால்தான், பானையின் எந்த அடுக்கில் எந்தக் காசு இருந்தது என்பதும், கரௌசியஸின் காசுகள் பெரும்பாலும் எங்கே கிடந்தன என்பதும் பதிவாயின. அந்த அறிவு ஒருமுறை கலைந்தால் மீளாது.

பேணுதல்

காசைத் துலக்காதீர்கள். எலுமிச்சைச்சாறு, புளிக்காடி, உலோகம் துலக்கும் பசை எதுவும் படக்கூடாது. செம்புக்காசின் மேலுள்ள பச்சை அல்லது பழுப்புப் படலம் பல நூற்றாண்டுகளில் உருவானது, அதை நீக்கினால் சித்திரத்தின் மேற்பரப்பும் சேர்ந்து போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தொட்டெடுப்பதோடு நிறுத்துங்கள். எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

கெட்டியான பச்சைப் படலம் காசுக்குக் காவல். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் அதற்கு நோய். குளோரைடு உப்புகள் ஈரப்பதத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும் அந்த நிலை, துடைத்தாலும் சில நாள்களில் திரும்ப வரும். அத்தகைய காசை உடனே பிரித்து வைத்து, காய்ச்சி வடித்த நீரிலோ சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலிலோ வாரக்கணக்கில் ஊறவைத்து, நன்கு உலர்த்தி, ஈரமற்ற இடத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். பிவிசி கலந்த மென்மையான நெகிழி உறைகள் காலப்போக்கில் பிசுபிசுப்பான பச்சைக் கறையை விடுவதால் அவற்றைத் தவிர்த்து, மைலார் என்ற பாலியெஸ்டர் உறைகளையோ மகாகனி மரத் தட்டுகளையோ பயன்படுத்துங்கள். ஓக் மரம் அமில ஆவியை வெளியிடும். அதில் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். பேரரசர், காசின் வகை, நாணயச்சாலை, ஆண்டு, இருபக்கப் பொறிப்பு, பட்டியல் எண், நூறில் ஒரு பங்கு கிராம் வரை எடை, விட்டம், தலைப்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தால் பின்பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்ற குறிப்பு, யாரிடமிருந்து எப்போது வாங்கப்பட்டது என்ற விவரம், இரு பக்கங்களின் நிழற்படம் ஆகியவை அதில் இருக்கட்டும். காசோடு முந்தைய உரிமையாளர் ஒருவரின் மங்கிய சீட்டு வந்தால் அதை எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். அதில் பேரரசரின் பெயரே தவறாக எழுதப்பட்டிருந்தாலும் அதன்மேல் திருத்தம் செய்யாமல், சரியான விவரத்தைத் தனிச் சீட்டில் எழுதி இரண்டையும் சேர்த்தே வையுங்கள். அந்தக் கையெழுத்தை அடையாளம் காணக்கூடிய ஒருவருக்கு, காசு இருந்த பழைய தொகுப்பு எது என்று காட்டக்கூடிய சான்று அது ஒன்றாகவே இருக்கலாம்.